பத்தரை மணி புரோட்டாவும் கட்டிலுக்கடியில் செங்கலும்

மதுரைக் கடைக்காரர்:

என் நெஞ்செரிச்சல் கதை இது. ஜவுளிக்கடை வேலை. கணக்கு முடித்துக் கடையடைக்க 10 மணியாகிவிடும். வழியில் நாலு புரோட்டா, சால்னா, வீட்டுக்குப் போனதும் படுக்கை. 15 வருடம் இப்படித்தான். ராத்திரி 2 மணிக்குப் புளித்த தண்ணீர் தொண்டை வரை வந்து நிற்கும். கேஸ்தான் என்று ஒரு சோடா குடிப்பேன். பெரிய ஏப்பம் வரும், சுகமாக இருக்கும். அந்த ஏப்பத்தோடு அமிலமும் மேலேறுகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது.

டாக்டரிடம் போனதுகூட எரிச்சலுக்காக இல்லை, 6 மாதமாக விடாத வறட்டு இருமலுக்காக. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, இருமல் மருந்து எதுவும் கேட்கவில்லை. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான், "சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துப் படுப்பீர்கள்?" என்று கேட்டார். உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது, சுருக்குப்பை வாய் மாதிரி. வயிறு முட்டினால் அது அடிக்கடி தளரும். அந்த நேரம் படுத்திருந்தால் அமிலம் மேலே வருவதற்குத் தடையே இல்லை. இரைப்பைக்குள் அமிலத்தைத் தாங்கும் பூச்சு உண்டு, உணவுக்குழாய்க்கு அந்தக் கவசம் கிடையாது. அதனால்தான் எரிகிறது.

மாத்திரையிலும் தப்பு செய்திருக்கிறேன். பான்டோப்ரசோலை எரியும்போதெல்லாம், அதுவும் சாப்பிட்ட பிறகு, போட்டுக்கொண்டிருந்தேன். அது ஜெலுசில் மாதிரி, வயிற்றில் ஏற்கெனவே இருக்கிற அமிலத்தை முறிக்கும் மருந்து இல்லை. அமிலம் சுரக்கும் இடத்தையே அடைப்பது. சாப்பாடு இறங்கும்போதுதான் சுரப்பு முழுவீச்சில் தொடங்கும் என்பதால் மருந்து அதற்கு முன்பே ரத்தத்தில் இருக்க வேண்டுமாம். காலை டிபனுக்கு அரை மணி முன்னால் என்று மாற்றினேன். அதே மாத்திரை, நாலைந்து நாளில் வித்தியாசம் தெரிந்தது.

கடை நேரத்தை மாற்ற முடியாது. அதனால் ஏழரைக்குக் கடையிலேயே டப்பா சாப்பாடு. தலையணை அடுக்கிப் பார்த்தேன், இடுப்பு மடங்கி வயிறு அமுங்கியதுதான் மிச்சம். கடைசியில் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல், 6 அங்குல உயரம். முதல் வாரம் சறுக்கிக்கொண்டே தூங்கினேன்.

ஈரோட்டு அம்மா:

எனக்குக் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் வந்தது. "நெஞ்செரிஞ்சா பிள்ளைக்கு முடி நிறைய இருக்கும்" என்றார் மாமியார். பிறந்தது மொட்டைத் தலையோடு! கர்ப்ப கால ஹார்மோனால் நீங்கள் சொல்லும் வளையம் தளரும், வளரும் கருப்பையும் கீழிருந்து நெருக்கும். இடது பக்கம் சாய்ந்து படுத்தது உதவியது. குளிர்ந்த பால் குடித்த நேரத்துக்கு இதம். அப்புறம் மறுபடி எரியும்.

திருச்சிக்காரன்:

அண்ணே, ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் அப்பா "நெஞ்சு எரியுது" என்றார். ஓமத் தண்ணீர் கொடுத்தோம், பிறகு ஜெலுசில். சட்டை நனைய வியர்த்தது, தாடை வலிக்கிறது என்றார். ஈசிஜி எடுத்தால் மாரடைப்பு. பிழைத்துவிட்டார், ஆனால் வீட்டில் வீணாக்கிய ஒன்றரை மணி நேரம் இன்னும் உறுத்துகிறது. வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, நடந்தால் கூடும் எரிச்சல் என்றால் அடுப்பைப் பற்றவைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மதுரைக் கடைக்காரர்:

தம்பி சொன்னதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. நானும் எத்தனையோ ராத்திரி 'கேஸ்தான்' என்று திரும்பிப் படுத்தவன்.

ஒன்று விட்டுப்போனது. டாக்டர் அந்த மாத்திரையை 8 வாரத்துக்கு எழுதியிருந்தார். அது முடிந்தும் நானே வாங்கிப் பல மாதம் போட்டுவிட்டு, ஒருநாள் சட்டென்று நிறுத்தினேன். அடக்கி வைத்த சுரப்பு பொங்கி, முன்பைவிட மோசமாக எரிந்தது. பிறகு அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். இத்தனை வருடம் எரிந்ததால் எண்டோஸ்கோப்பியும் பார்த்தார், லேசான புண்தான். விழுங்கும்போது அடைப்பது, மலம் கறுப்பாகப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். இருந்திருந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போட்டிருக்கக் கூடாதாம்.

புரோட்டாவை விடவில்லை. ஞாயிறு மத்தியானம், இரண்டோடு சரி.