உதவி: எபிக்கில் இலவசமாக வந்த சிவிலைசேஷன் 6-க்கு ஸ்டீமில் டிஎல்சி வாங்கலாமா?

முத்துநகர்வாசி:
வணக்கம் நண்பர்களே. 2020 மே மாதம், கம்ப்யூட்டர் ஆட்டங்கள் விற்கும் எபிக் கேம்ஸ் ஸ்டோரில் சிவிலைசேஷன் 6 என்ற வியூக ஆட்டத்தை இலவசமாகக் கொடுத்தபோது எடுத்து வைத்தேன். மூல ஆட்டம் மட்டும்தான். இப்போது இன்னொரு கடையான ஸ்டீமில் அதன் கேதரிங் ஸ்டார்ம் டிஎல்சி (மூல ஆட்டத்தோடு சேர்க்கும் கூடுதல் பகுதி) நல்ல தள்ளுபடியில் போகிறது, எபிக்கில் அதே டிஎல்சி முழு விலை. ஸ்டீமில் வாங்கப் போனால் மூல ஆட்டம் தேவை என்று எச்சரிக்கை வருகிறது. மூல ஆட்டம்தான் என்னிடம் இருக்கிறதே, கடை மட்டும்தானே வேறு? ஸ்டீமில் வாங்கினால் என் ஆட்டத்தில் ஏறுமா? அக்கா மகன் ஸ்டீமில் விளையாடுகிறான், அவனோடு சேர்ந்து ஆட வேண்டும். பாதியில் நிற்கும் பெரிய சேவ் (சேமித்து வைத்த ஆட்டம்) ஒன்றும் இருக்கிறது, அது போகக் கூடாது. விண்டோஸ் 11.

இரவுக்காவலன்:
ஏறாது, வாங்காதீர்கள். ஆட்டம் திறக்கும்போது அது எந்தக் கடையின் பதிப்போ அந்தக் கடையிடம்தான் "இந்தக் கணக்கில் இந்த டிஎல்சி இருக்கிறதா" என்று கேட்கும். உங்களுடையது எபிக் பதிப்பு, அதற்கு ஸ்டீம் கணக்கில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. ஃபோல்டரை அங்கிருந்து இங்கே காப்பி செய்தாலும் பலன் இல்லை. அப்படியே தெரியாமல் வாங்கிவிட்டால் 14 நாட்களுக்குள் ஸ்டீமில் ரீஃபண்ட் கேட்கலாம். டிஎல்சி வாங்கிய பிறகு மூல ஆட்டத்தை 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும் என்பது விதி.

இன்னொன்று. எபிக் 2025 ஜூலையில் இதே ஆட்டத்தின் பிளாட்டினம் பதிப்பையே இலவசமாகக் கொடுத்தது. அதில் ரைஸ் அண்ட் ஃபால், கேதரிங் ஸ்டார்ம் என்ற இரண்டு டிஎல்சிகளும் உண்டு. அப்போது எடுத்தீர்களா என்று லைப்ரரியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

முத்துநகர்வாசி:
பார்த்துவிட்டேன் ப்ரோ, இல்லை. அந்தச் சமயம் எபிக் செயலியையே திறக்கவில்லை.

தாழம்பூ:
அப்படியென்றால் வழி இரண்டுதான். ஒன்று, எபிக்கிலேயே தள்ளுபடி வரும்வரை காத்திருப்பது. தள்ளுபடியை முடிவு செய்வது பதிப்பாளர்தான், ஒவ்வொரு கடையிலும் அது வேறு வேறு நாளில் வரும். இஸ்தேர்எனிடீல் தளத்தில் ஆட்டத்தின் பெயரைப் போட்டால் எந்தக் கடையில் இன்று என்ன விலை, இதற்கு முன் எவ்வளவு வரை இறங்கியது என்று தெரிந்துவிடும். இரண்டாவது, ஸ்டீமில் மூல ஆட்டமும் டிஎல்சியும் சேர்ந்த பேக்கை வாங்குவது. மூல ஆட்டம் கையில் இருக்கும்போது மறுபடி அதற்குக் காசா என்று தோன்றும். ஆனால் பெரிய சேலில் பேக் விலை தனி டிஎல்சி விலையை நெருங்கிவிடும், பொறுமையாகக் கூட்டிப் பாருங்கள். மாட் (ரசிகர்கள் ஆட்டத்தில் செய்யும் மாற்றங்கள்) போட்டு ஆடுகிற ஆளாக இருந்தால் ஸ்டீம் வொர்க்‌ஷாப் என்ற மாட் பகுதி ஒன்றுக்காகவே மாறலாம். எபிக்கில் மாட் எல்லாம் நாமே இறக்கி, ஃபோல்டரில் போட வேண்டும்.

அக்கா மகனோடு ஆட ஸ்டீமுக்கு மாறவேண்டிய அவசியம் இல்லை. விண்டோஸில் இரண்டு கடைகளில் வாங்கியவர்களும் ஒரே ஆட்டத்தில் சேரலாம். ஸ்டீம் நண்பர் பட்டியலிலிருந்து உங்களை அழைக்க முடியாது, ஆட்டத்துக்குள் வரும் ஜாயின் கோடை அனுப்பச் சொல்லுங்கள். கேதரிங் ஸ்டார்ம் விதிகளில் ஆட வேண்டுமானால் இருவரிடமும் அது இருக்க வேண்டும்.

இரவுக்காவலன்:
கீ (ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்கும் குறியீடு) விற்கும் தளங்களில் மலிவாகப் பார்த்தாலும் நிதானம் தேவை. ஹம்பிள், ஃபனாட்டிகல் போன்றவை பதிப்பாளரிடமிருந்தே கீ வாங்கி விற்கும் இடங்கள், பயமில்லை. ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஸ்டீம் கீதான், எபிக் பதிப்புக்கு உதவாது. தனி ஆட்கள் கீயை விற்கும் சந்தைகள் வேறு ரகம். எங்கள் குழுவில் ஒருவர் அப்படி ஒரு இடத்தில் வாங்கிய கீ வேறு நாட்டுக்கானது என்று மறுக்கப்பட்டது, பணமும் திரும்பவில்லை.

வடக்குவீதி:
இடையில் ஒரு சந்தேகம். ஆட்டம் விற்ற தொகையில் எபிக் அதிகபட்சம் 12 சதவீதம்தான் எடுக்கிறது, ஸ்டீம் 30 எடுக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் எபிக்கில் எல்லாமே மலிவாக இல்லை?

தாழம்பூ:
எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம் இது. 2018 டிசம்பரில் எபிக் கடை திறந்தபோது விற்பவருக்கு 88, கடைக்கு 12 என்றுதான் சொன்னது. அந்தச் சமயத்தில் ஸ்டீமும் கொஞ்சம் இறங்கியது: ஒரு ஆட்டத்தின் விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் 25 சதவீதம், 5 கோடியைத் தாண்டினால் 20. சின்ன ஸ்டூடியோக்களுக்கு அதே 30தான், அதை நான் நியாயமாகப் பார்க்கவில்லை. கமிஷன் குறைந்ததில் மிச்சமாகும் தொகை பெரும்பாலும் ஆட்டத்தை விற்பவரிடமே நின்றுவிடுகிறது. 2019-இல் மெட்ரோ எக்ஸோடஸ் எபிக்குக்குப் போனபோது அமெரிக்காவில் மட்டும் 59.99 டாலர் ஆட்டத்தை 49.99-க்கு விற்றார்கள். அந்த மாதிரி நடப்பது அரிது.

ஏன் அரிது என்பதுதான் வுல்ஃபயர் கேம்ஸ் என்ற ஸ்டூடியோ 2021-இல் ஸ்டீமை நடத்தும் வால்வ் மேல் போட்ட வழக்கின் சாரம். வேறு கடையில் விலையைக் குறைத்து விற்க விடாமல் வால்வ் தடுக்கிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு, வால்வ் மறுக்கிறது. 2024 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றம் அதை ஒரே நிலையில் உள்ள பலருக்கும் சேர்த்த குழு வழக்காக ஏற்றது. வழக்கு எப்படிப் போனாலும், எபிக் நமக்குக் கொடுத்த பெரிய லாபம் வாராவாரம் வரும் இலவச ஆட்டங்கள்தான். அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் மூல ஆட்டம் எந்தக் கடையில் விழுந்ததோ அதன் டிஎல்சிக்கும் அந்தக் கடைக்கே போக வேண்டியிருக்கிறது. இந்த இழையின் முதல் கேள்வியே அதைத்தானே காட்டுகிறது? இலவசமாக வாங்கியவர் பின்னால் செலவழிக்க வந்தால் அவருக்கு ஒரே கதவுதான் திறந்திருக்கிறது. ஒரே பதிப்பாளரின் ஒரே ஆட்டத்துக்காவது டிஎல்சி உரிமையைக் கடைகள் பரஸ்பரம் ஏற்கவேண்டும் என்பது என் கட்சி.

முத்துநகர்வாசி:
நன்றி அக்கா, தெளிவாகிவிட்டது. எபிக்கிலேயே விஷ்லிஸ்டில் போட்டுவிட்டேன். ரைஸ் அண்ட் ஃபாலும் தனியாக வாங்க வேண்டுமா? அந்த சேவ் விஷயம்?

தாழம்பூ:
கேதரிங் ஸ்டார்ம் வாங்கினாலே ரைஸ் அண்ட் ஃபாலின் கவர்னர் (நகர ஆளுநர்), லாயல்டி (நகர விசுவாசம்) முறைகள் வந்துவிடும், அதிலுள்ள நாடுகளும் தலைவர்களும் மட்டும் வராது. ஆரம்பத்துக்கு அது போதும். சேவ் பத்திப் பயப்படாதீர்கள். டிஎல்சி ஏறினாலும் பழைய ஆட்டம் பழைய விதியிலேயே ஓடும், கேதரிங் ஸ்டார்மின் வெள்ளமும் எரிமலையும் புது ஆட்டத்தில்தான் வரும். பின்னால் ஸ்டீமுக்கு மாறினால் டாக்குமென்ட்ஸ், மை கேம்ஸ் உள்ளே பார்த்தால் சிவிலைசேஷன் 6 ஃபோல்டர் இரண்டு இருக்கும். பெயரின் கடைசியில் எபிக் என்று இருப்பது இப்போது உங்களுடையது. அதன் சேவ்ஸ், சிங்கிள் ஃபோல்டரில் உள்ளதை மற்றதில் அதே இடத்தில் காப்பி செய்தால் போதும். எதற்கும் முதலில் பென் டிரைவில் ஒரு பிரதி.

வடக்குவீதி:
சிவிலைசேஷன் ஏழாம் பாகத்தில் சோழர்கள் வந்துவிட்டார்கள், அதையும் எந்தக் கடையில் வாங்குவது என்று இப்போதே யோசித்து வையுங்கள் ப்ரோ.

முத்துநகர்வாசி:
சோழர் என்றதும் ஆசை வந்துவிட்டது. அதை அக்கா மகன் இருக்கும் ஸ்டீமிலேயே முதலிலிருந்து வாங்கிக்கொள்கிறேன். சேவ் ஃபைலை பென் டிரைவில் எடுத்தாகிவிட்டது, ஜாயின் கோடில் நேற்று மூல விதிகளில் ஒரு ஆட்டமும் ஓடியது. இழையை முடித்துக்கொள்ளலாம், எல்லாருக்கும் நன்றி.