புதுப்பிப்பு: 'கிம்மிக்!' வாங்கிவிட்டேன்

'கிம்மிக்!' என்ற பழைய வீடியோ கேமின் மறுவெளியீட்டை வாங்கலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். வாங்கி, செல்லூர் வீட்டில் அக்கா மகனோடு உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: சன்சாஃப்ட் நிறுவனம் 1992-ல் ஜப்பானின் ஃபேமிகாமுக்காக (நின்டெண்டோவின் டிவி கேம் கருவி) செய்த விளையாட்டு. ஐரோப்பாவில் ஸ்காண்டிநேவியாவுக்கு மட்டும்தான் போனது. டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய டிவி கேம் கேசட்டில் மரியோவும் கான்ட்ராவும் ஆடி வளர்ந்த எங்கள் கைக்கு இது வந்ததே இல்லை. 2023-ல்தான் இன்றைய கருவிகளுக்கு வந்தது.

யுமெதாரோ என்ற குட்டிப் பச்சை உருவம்தான் நாயகன். பட்டனை அழுத்திப் பிடித்தால் தலைக்கு மேல் நட்சத்திரம் உருவாகும். விட்டால் சுவரில் மோதித் துள்ளிக்கொண்டு போகும். அதன் மேலேயே குதித்து ஏறிச் சவாரி செய்யலாம்! சரிவில் இறங்கினால் வேகம் கூடும், உடனே நிற்க முடியாது. இதைப் பழகவே எனக்கு இரண்டு நாள் ஆனது. அப்படிப் பழகியபின் கிடைக்கும் சுகம் வேறு எதிலும் இல்லை.

இசையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஜப்பானியக் கேசட்டுக்குள்ளேயே தனி ஒலிச் சில்லு வைத்து, ஒரே நேரத்தில் ஒலிக்கும் இசைத் தடங்களில் மூன்றைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். ஸ்காண்டிநேவியப் பதிப்பில் அது கிடையாது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

ஆட்டம் கடினம்தான், ஆனால் தப்பு செய்தால் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதி மறுவெளியீட்டில் இருக்கிறது. அப்புறம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது. எல்லாம் சேர்த்தால்தான் உண்மையான முடிவு. எங்களுக்கு இன்னும் இரண்டு பாக்கி.