படுக்கப் போகும் சின்னப் பிள்ளைக்குத் தனி உடுப்பு வேண்டுமா?

கிளி_அம்மா
வணக்கம். எனக்கு நாலு வயதில் மகள், இரண்டு வயதில் மகன். இருப்பது பரந்தனுக்குக் கிட்ட. கனடாவில் இருந்து மச்சாள் லீவுக்கு வந்து நிற்கிறா. பிள்ளைகள் பின்னேரம் போட்டிருந்த சட்டையோடு அப்படியே பாயில் படுப்பதைக் கண்டு அவவுக்கு அதிர்ச்சி. "பைஜாமா மாற்றுகிறதில்லையா?" என்று கேட்டா. மாமி உடனே, "நாங்கள் வளர்த்த பிள்ளைகள் என்ன பைஜாமா போட்டே வளர்ந்தவை?" என்று திருப்பிக் கொடுத்தா. இரண்டு பேருக்கும் நடுவில் நான். உங்கள் வீடுகளில் என்ன வழக்கம்? உண்மையில் மாற்றத்தான் வேண்டுமா?

வட்டக்கச்சியான்
தேவையில்லை தங்கச்சி. மச்சாள் இருப்பது பனி கொட்டுகிற ஊர். எங்களுக்குச் சித்திரை, வைகாசியில் இரவு பத்து மணிக்கும் தகரக் கூரை அனல் விடும். அந்த வெக்கைக்குள் முழுக்கையும் முழுக்காலும் போட்டுவிட்டால் பிள்ளை எப்படித் தூங்கும்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது எங்கள் பெடியன்கள் ஜட்டியோடு விறாந்தையில்தான் கிடந்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இன்னொன்று. உடுப்பு தானாகத் தோயாது. முன்பள்ளிச் சட்டை, வீட்டுச் சட்டை, இனி இரவுச் சட்டை. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று. மச்சாள் லீவு முடிந்து விமானம் ஏறிவிடுவா. கிணற்றடியில் நிற்கப் போவது நீங்கள்.

மிட்வைஃப்_அக்கா
அண்ணை, வெக்கை சரி, தோய்ப்பும் சரி. ஆனால் மச்சாள் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. பைஜாமாவை விடுங்கள், அழுக்குச் சட்டையைப் பாருங்கள்.

வவுனியா வடக்கில் வீடு வீடாகப் போகிறவள் நான். காலபோக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் பிள்ளைகள் வைக்கோற் போரில் ஏறிக் குதித்து விளையாடும். பிறகு அதே சட்டையோடு படுக்கும். சுணை கண்ணுக்குத் தெரியாது. சட்டையின் கழுத்து மடிப்பிலும் காற்சட்டையின் இறப்பர் பட்டியிலும் போய் ஒளித்துக்கொள்ளும். இரவு முழுக்கச் சொறிச்சல், விடிய நகக்கீறல், அதில் கிருமி புகுந்து புண். தாய், "நுளம்பு கடித்துப் புண்ணாகிவிட்டது" என்று கிளினிக்குக்குக் கொண்டு வருவா. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் புண் இடுப்பைச் சுற்றி பட்டி போட்ட மாதிரி இருக்கும். நுளம்பு அப்படி வரிசையாகக் கடிக்காது. முருங்கை மரத்தடியில் விளையாடின பிள்ளையின் சட்டையில் மயிர்க்கொட்டியின் மயிர் இருந்தாலும் இதே கதைதான்.

வேர்க்குருவும் அப்படி. வியர்வை வெளியே வருகிற வழி அடைபட்டுத்தான் அது வருகிறது. வியர்வையில் ஊறின சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தால் கூடும். பவுடரை அள்ளிக் கொட்டி வேலையில்லை. மேல் கழுவி, துடைத்து, மெல்லிய நூல் சட்டை ஒன்று போட்டுவிட்டால் போதும்.

வட்டக்கச்சியான்
அதைத்தானே நாங்கள் செய்கிறோம்? ஆறு மணிக்குக் கிணற்றடியில் நாலு வாளி ஊற்றி, தோய்த்த சட்டை போட்டுவிடுகிறோம். அதோடு சாப்பாடு, அதோடு படுக்கை. எட்டு மணிக்கு இன்னொரு தரம் எதற்கு?

மிட்வைஃப்_அக்கா
ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் பிள்ளை எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. முற்றத்தில் நாயோடு உருண்டால்? சோறும் பருப்பும் மார்பில் வழிந்தால்? பருப்புக் காய்ந்த சட்டைக்கு எறும்பு தேடி வரும். கட்டிலில் படுக்கிற எங்களுக்கு அது ஒன்றும் இல்லை, பாயில் படுக்கிற பிள்ளைக்கு இருக்கிறது.

ஸ்காபரோ_சிவா
மச்சாள்மாருக்கு ஒரு அப்புக்காத்து வேண்டும்போல் இருக்கிறது, நானே வருகிறேன். வட்டக்கச்சி அண்ணை, இங்கே வீட்டுக்குள் ஹீற்றர் போட்டு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பைஜாமா குளிருக்காக மட்டும் இல்லை. "இனி விளையாட்டு முடிந்தது" என்று பிள்ளைக்குச் சொல்லாமல் சொல்வது அது. குளிப்பு, பைஜாமா, பல் தீட்டல், கதை, லைற் ஓஃப். ஒவ்வொரு நாளும் அதே வரிசை.

இதற்கு ஆய்வும் உண்டு. 2009இல் ஜோடி மின்டெல் என்கிற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் 405 தாய்மாரையும் அவர்களுடைய சின்னப் பிள்ளைகளையும் வைத்துச் செய்தது. தினமும் ஒரே ஒழுங்கில் படுக்க வைத்தபோது பிள்ளைகள் சீக்கிரம் தூங்கினார்கள். நடு இரவில் எழும்பி அழுவதும் குறைந்தது.

வட்டக்கச்சியான்
தம்பி சிவா, அந்த ஒழுங்கில் என்னென்ன இருந்தது?

ஸ்காபரோ_சிவா
குளிப்பு. பிறகு உடம்பைத் தடவிவிடுவது. பிறகு அணைத்து வைத்திருப்பது, தாலாட்டுப் பாடுவது மாதிரி ஏதாவது அமைதியான வேலை. குளித்து அரை மணித்தியாலத்துக்குள் லைற்றை அணைப்பது.

வட்டக்கச்சியான்
பைஜாமா எங்கே? என்னுடைய அம்மா எண்ணெய் தடவி, ஆராரோ பாடி, விளக்கைத் தணித்தவ. 405 பேரைக் கேட்காமலே செய்தவ.

ஸ்காபரோ_சிவா
சரி அண்ணை, அந்தப் புள்ளி உங்களுக்கு. ஆனால் பைஜாமா குளிர் நாட்டுச் சாமான் என்ற மாதிரிக் கதைக்கிறீர்கள். வெள்ளைக்காரன் அதை இந்தியாவில் கண்டுதான் தன் ஊருக்குக் கொண்டு போனவன். வெக்கை நாட்டில் பிறந்த உடுப்பு.

வட்டக்கச்சியான்
அது இந்தியாவின் வடக்குப் பக்கத்து உடுப்பு. எங்களுக்குச் சாரம் இருக்கிறது.

முள்ளியவளை_மூத்தவர்
பிள்ளைகளே, இடையில் ஒன்று சொல்கிறேன். 2009இல் தை தொடங்கி வைகாசி வரை இடம் மாறி இடம் மாறி ஓடினோம். இரவில் எழுப்பிக்கொண்டு ஓட வேண்டி வரும் என்று, பிள்ளைகளுக்கு இருந்ததில் நல்ல உடுப்பைப் போட்டுத்தான் படுக்க வைப்போம். பையில் இடம் இல்லாதவர்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சட்டை போட்டுவிட்டார்கள். பிறகு செட்டிகுளம் முகாம். தறப்பாளுக்குக் கீழே படுக்கை, தண்ணீருக்கு வரிசை. மாற்ற உடுப்பும் இல்லை, இருக்கிறதைத் தோய்க்கத் தண்ணீரும் இல்லை. ஒரு கூடாரத்தில் சொறி தொடங்கினால் அந்த வரிசை முழுக்கப் போகும்.

என் மனுசி இன்றைக்கும் பேரனை வெறும் மேலோடு படுக்க விடமாட்டா. எவ்வளவு வெக்கை என்றாலும் சட்டையும் காற்சட்டையும் இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் நுளம்பு என்பா. வீட்டில் நுளம்பு வலை இருக்கிறது. கிளி அம்மா, உங்கள் மாமி இந்த விஷயத்தில் ஏதாவது பிடிவாதம் பிடித்தால் அவவோடு ஆய்வு கதைக்காதீர்கள்.

கிளி_அம்மா
விளங்குகிறது ஐயா. மாமி அந்த நாட்களைப் பற்றி வாயே திறக்கமாட்டா. ஆனால் கதவடியில் பிள்ளைகளின் செருப்பை இரவில் அவதான் சோடி சேர்த்து வைப்பா.

பூநகரி_தங்கச்சி
நுளம்பு என்று சொன்னதால் கேட்கிறேன். முழுக்கை பைஜாமா போட்டால் நுளம்புக் கடி குறையும்தானே? டெங்குக் காலத்தில் அதற்காகவாவது போடலாமே?

மிட்வைஃப்_அக்கா
இதில்தான் எல்லாரும் நேரத்தை மாற்றிப் பிடிக்கிறார்கள். மலேரியா நுளம்பு இரவில் கடிக்கிறது. வன்னியை ஒரு காலத்தில் ஆட்டிப் படைத்தது அதுதான். மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது. காலமையும் பின்னேரமும்தான் அதற்கு மும்முரம். ஆகவே நீளக்கை, நீளக்கால் உடுப்பு வேண்டியது பின்னேரம் நாலு மணிக்கு, பிள்ளை முற்றத்தில் நிற்கும்போது. நாங்கள் செய்வதோ தலைகீழ். விளையாடும்போது கையில்லாச் சட்டை, வலைக்குள் போனதும் முழுக்கை. பகலில் தூங்குகிற குழந்தைக்கும் வலை கட்டுங்கள்.

தையல்_அக்கா
கிளிநொச்சியில் கார்மென்ட்ஸில் தைத்தவள், இப்போது வீட்டில் தைக்கிறேன். நீங்கள் எல்லாரும் மாற்றுவதா இல்லையா என்று அடிபடுகிறீர்கள். என்ன துணி என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

சந்தையில் தொங்குகிற பைஜாமா செட்டுகளில் பாதிக்கு மேல் பொலியஸ்டர். படம் பளபளக்கும், கை வைத்தால் வழுக்கும். வியர்வையை உறிஞ்சாது. நெஞ்சில் பெரிய கார்ட்டூன் படம் ஒட்டியிருக்கும். அந்த இடம் இறப்பர் மாதிரி, காற்றே போகாது. வேர்க்குரு அந்தப் படத்தின் அளவுக்குத்தான் வரும், பார்த்திருக்கிறேன். வாங்குவதென்றால் உள்பக்கத்தைத் திருப்பித் தடவிப் பாருங்கள். இடுப்பு இறப்பரை இழுத்துப் பாருங்கள். உங்கள் இரண்டு விரல் இலேசாகப் போக வேண்டும்.

அடுத்தது நெருப்பு. கரண்ட் போனால் இன்றைக்கும் குப்பி விளக்குக் கொளுத்துகிற வீடுகள் இருக்கின்றன. பொலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். அதற்காக நீளமாகத் தொங்குகிற நூல் கவுண் பத்திரம் என்று நினைக்காதீர்கள், அது குப்பென்று பிடிக்கும். உடம்போடு ஓரளவு படிந்து நிற்கிற நூல் துணிதான் நல்லது.

ஸ்காபரோ_சிவா
அக்கா சொல்வது முழுக்கச் சரி. கனடாவில் பிள்ளைகளின் இரவு உடுப்பு எப்படித் தீப்பற்றலாம், பற்றக்கூடாது என்பதற்குச் சட்டமே இருக்கிறது. தொளதொளவென்று இருக்கிற உடுப்புக்குத்தான் கட்டுப்பாடு இறுக்கம். அமெரிக்காவிலும் இருக்கிறது.

முள்ளியவளை_மூத்தவர்
குப்பி விளக்கு என்றதும் டொக்டர் விஜய கொடகும்புரவைச் சொல்லாமல் விடக்கூடாது. விளக்குச் சரிந்து எரிந்து வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து, சரியாத குட்டைப் போத்தலில் திருகு மூடி போட்ட "சுதீப" விளக்கைச் செய்தவர். 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. எங்களுக்கு அந்த நேரம் பொருளாதாரத் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுப் படித்தோம்.

வட்டக்கச்சியான்
பார்த்தீர்களா, பைஜாமா வந்தால் கூடவே சட்டமும் வருகிறது. ஜட்டிக்கு ஒரு சட்டமும் இல்லை.

மிட்வைஃப்_அக்கா
மார்கழியில் சீமெந்து நிலத்தில் ஜட்டியோடு படுக்க வையுங்கள் அண்ணை, நான் கிளினிக்கில் நிற்பேன்.

வட்டக்கச்சியான்
மார்கழி, தைக்கு நான் எதிர்ப்பு இல்லை. மாரி நேரம் நீளக் காற்சட்டையும் ஒரு பெனியனும் போட்டுத்தான் படுக்க விடுகிறோம். வருடம் முழுக்க எதற்கு என்பதுதான் என் கேள்வி.

பூநகரி_தங்கச்சி
எங்கள் பக்கத்தை யாரும் யோசிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் உவர். சவர்க்காரம் நுரைக்காது, தோய்த்த சட்டை காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். குடிக்கிற தண்ணீர் பவுசரில் வருகிறது. அதில் தினமும் இரண்டு தரம் உடுப்புத் தோய்க்க முடியுமா? நான் ஈரத்துணியால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, கால் எல்லாம் துடைத்துவிட்டு, படுக்கைக்கென்று வைத்திருக்கிற பெனியனைப் போட்டுவிடுகிறேன். அதைத் தினமும் தோய்ப்பதில்லை. உதறி வெயிலில் போடுகிறேன். மூத்திரம் போனால் மட்டும் தோய்ப்பு.

மிட்வைஃப்_அக்கா
தங்கச்சி, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. படுக்கையில் மட்டும் போடுகிற உடுப்பு அவ்வளவு அழுக்காகாது. தோய்ப்புக் கூடும் என்று அண்ணை போட்ட கணக்கு இதில் பாதியாகிவிடும். வீட்டில் யாருக்காவது சொறி என்றால் மட்டும் இது சரிவராது. அப்போது மருந்து பூசுகிற அன்றே எல்லாருடைய உடுப்பையும் விரிப்பையும் சுடுதண்ணீரில் தோய்த்துக் காயப் போட வேண்டும்.

கிளி_அம்மா
என்னுடைய பெரிய தலையிடி வேறு. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் மோட்டார் சைக்கிளில் வரும்போது இரண்டும் தூங்கிவிடும். வீட்டுக்கு வர நடுச்சாமம். மகளுக்குப் பட்டுப் பாவாடை, மகனுக்குக் குட்டி வேட்டி. எழுப்பி மாற்றினால் ஊரையே கூட்டும். மச்சாள் எழுப்பு என்கிறா, மாமி விடு என்கிறா.

ஸ்காபரோ_சிவா
பட்டோடு எப்படிப் படுப்பது? சரிகை குத்தும். நாங்கள் காரில் ஏற முதலே பைஜாமா மாற்றிவிடுவோம்.

வட்டக்கச்சியான்
கோயில் வீதியில் பைஜாமாவோடு பிள்ளையா? ஊர் சிரிக்கும் தம்பி. விட்டுவிடுங்கள் தங்கச்சி, ஒரு இரவில் ஒன்றும் குறையாது.

மிட்வைஃப்_அக்கா
எழுப்ப வேண்டாம். ஆனால் கழுத்தில் உள்ள சங்கிலி, இடுப்பில் கட்டின நாடா, தலையில் குத்தின கிளிப், இந்த மூன்றையும் கட்டாயம் எடுங்கள். பாவாடையைக் கீழ்ப்பக்கமாக உருவினால் பிள்ளை எழும்பாது. மேல் சட்டை வியர்வையில் நனைந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

தையல்_அக்கா
கிளி அம்மா, கடையில் வாங்க வேண்டாம். வீட்டில் பழைய நூல் சாரம் இருக்கும்தானே? தோய்த்துத் தோய்த்துப் பட்டு மாதிரி ஆகியிருக்கும். ஒரு சாரத்தில் நாலு வயதுக்கு ஒரு காற்சட்டையும் இரண்டு வயதுக்கு ஒரு காற்சட்டையும் வரும். தையல் மூட்டில் கிழிந்த இடத்தை மட்டும் தவிர்த்து வெட்டுங்கள். மேலுக்குப் பழைய பெனியன் போதும்.

கிளி_அம்மா
சாரம் இருக்கிறது அக்கா, இவருடையது இரண்டு. இடுப்புக்கு இறப்பரா, நாடாவா?

தையல்_அக்கா
இறப்பர். நாடா இரவில் இறுகிவிடும், அவசரத்துக்கு அவிழ்க்கவும் வராது. பிள்ளையின் இடுப்பை நூலால் அளந்து, அதில் இரண்டு விரல் குறைத்து வெட்டுங்கள். அதற்கு மேல் குறைத்தால் விடியத் தோலில் வரி விழும்.

வட்டக்கச்சியான்
அவரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள் தங்கச்சி. பழைய சாரத்தில் ஆம்பிளைகளுக்கும் ஒரு பிடிப்பு இருக்கிறது.