யாழ்ப்பாணத்தில் பயோஸ்ரற்றிஸ்ரிக்ஸ் சொல்லித்தர ஆள் தேவை (ஞாயிறு மட்டும்தான் நேரம்)

சங்குவேலி அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். நான் தாதிய உத்தியோகத்தர். வேலையில் இருந்துகொண்டே பட்டப்படிப்புச் செய்கிறேன், இப்போது இறுதி ஆண்டு. பாடங்களெல்லாம் ஒருமாதிரி முடிந்துவிட்டன. ஆய்வுதான் மிச்சம், அதிலும் புள்ளிவிபரப் பகுதி, அதுதான் இந்த பயோஸ்ரற்றிஸ்ரிக்ஸ்.

ஆய்வு இதுதான். நீரிழிவு கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் கால் பராமரிப்பைப் பற்றி 20 கேள்விகள் கேட்டேன். பிறகு விரலிடுக்கைத் துடைப்பது, நகத்தை நேராக வெட்டுவது, ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது எல்லாம் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த கிளினிக்கில் அதே 20 கேள்விகளையும் திரும்பக் கேட்டேன். முதல் தடவை 60 பேர், இரண்டாம் தடவை வந்தது 52 பேர். நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு வருகிற கிளினிக்கில் கொப்புளம் போட்ட கால்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன். சுடுமணலில் தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று யாருக்குச் சொல்ல முடியும்? காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தோல் உரிந்திருப்பது தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் போட்டால் "பொருத்தமான சோதனையைப் பயன்படுத்தவும்" என்று ஒரு வரியில் பதில் வருகிறது. பொருத்தமானது எது என்று தெரிந்தால் நான் ஏன் கேட்கிறேன்?

திருநெல்வேலியில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் எடுக்கிற ஒரு சேரிடம் போனேன். தங்கமான மனுசன், காசு வாங்கவே கூச்சப்பட்டார். ஆனால் செவ்வன் பரம்பலை (அந்த மணி வடிவ வளைகோடு) தொகையிட்டுக் காட்டுவதிலேயே நேரம் போய்விட்டது. நான் கொண்டுபோன லப்ரொப்பைக் கடைசிவரை திறக்கவில்லை. இன்னொருவர் போனிலேயே, "டேட்டாவை அனுப்புங்கோ தங்கச்சி, நாலாம் அத்தியாயத்தை எழுதியே தாறன்" என்றார், விலையும் சொன்னார். எனக்கு அது வேண்டாம். வாய்மொழிப் பரீட்சையில் அவரா வந்து பதில் சொல்லப் போகிறார்?

எனக்குத் தேவையானது, என்னுடைய எக்செல் தாளை வைத்தே தமிழில் சொல்லித்தரக்கூடிய ஒருவர். உயர்தரத்தில் நான் பயோ. இடை (சராசரி), இடையம், ஆகாரம் ஞாபகம் இருக்கிறது. நியமவிலகல் (எண்கள் இடையைச் சுற்றி எவ்வளவு சிதறி நிற்கின்றன என்பது) பாதி ஞாபகம். அதற்கு மேல் ஒன்றும் கேட்காதீர்கள். நைட் டியூட்டி மாறி மாறி வருவதால் ஞாயிறு காலைதான் வசதி. மானிப்பாயிலிருந்து ஸ்கூட்டியில் போகக்கூடிய தூரமாக இருந்தால் நல்லது, சூம் என்றாலும் சரி. யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கோ.

கொக்குவில் பெடியன்:

அக்கா, ரியூசன் கொட்டில் பக்கம் தேடினால் இணைந்த கணித சேர்மார்தான் அகப்படுவார்கள், அது அவர்களுடைய பிழையில்லை. கம்பஸ் பக்கம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தேடுங்கோ. விஞ்ஞான பீடத்தில் கணிதமும் புள்ளிவிபரவியலும் துறை இருக்கிறது. அங்கே நாலாம் வருடத்தில் புள்ளிவிபரவியலைச் சிறப்பாகச் செய்கிற பிள்ளைகள், முடித்துவிட்டு அங்கேயே டெமோவாக (உதவிப் போதனையாளராக) நிற்கிறவர்கள் எல்லாம் வகுப்பு எடுப்பார்கள். மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவத் துறையில்தான் பயோஸ்ரற்றிஸ்ரிக்ஸைப் பாடமாகவே படிப்பிக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குத் தங்கள் பிள்ளைகளைப் பார்க்கவே நேரம் போதாது. இப்போது வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் புள்ளிவிபரவியல் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், சூம் என்றால் தூரம் பிரச்சினையில்லை.

ஒன்று மட்டும், கணக்குப் பிள்ளைகளுக்குக் கிளினிக் தெரியாது. அதை நீங்கள்தான் அவர்களுக்குப் படிப்பிக்க வேண்டிவரும்.

பழைய டெமோ:

நானும் ஒரு காலத்தில் டெமோவாக நின்றவன்தான், இப்போது ஆய்வுத் தரவுகளோடு மாரடிக்கிறேன். வகுப்பு எடுப்பதில்லை, ஆகவே இது விளம்பரம் இல்லை.

தங்கச்சி, ஆளைப் பிடிக்க முதல் சோதித்துப் பாருங்கோ. ஆய்வைப் பற்றி நீங்கள் மேலே எழுதிய அந்த ஒரு பந்தியை மட்டும் அனுப்பிவிட்டு, அவர் முதலில் என்ன கேட்கிறார் என்று பாருங்கோ. "எத்தனை பக்கம்? எப்போது தேவை?" என்றால் அந்த நம்பரை அழித்துவிடலாம். "இரண்டு தடவையும் அதே ஆட்களா?" என்று கேட்டால் பிடித்துக்கொள்ளுங்கோ, விடாதேங்கோ. உங்கள் ஆய்வின் சாவி அந்தக் கேள்விதான்.

ஏனென்றால், அதே 52 பேரை முன்னும் பின்னும் கேட்டிருக்கிறீர்கள். இவை தனித்தனிக் குழுக்கள் இல்லை, சோடிகள். முன் புள்ளிகளை ஒரு குழு, பின் புள்ளிகளை இன்னொரு குழு என்று வைத்துச் சாராத மாதிரிகளுக்கான ரி சோதனை (t-test, இடைகளை ஒப்பிடுகிற சோதனை) போட்டால் பிழை, பலர் அதைத்தான் போடுகிறார்கள். எக்செல்லில் இன்னொரு நிரல் திறந்து, ஒவ்வொருவருக்கும் பின் புள்ளியிலிருந்து முன் புள்ளியைக் கழியுங்கோ. இனி உங்களிடம் இருப்பது 52 வித்தியாசங்கள், அவ்வளவுதான். சோடி ரி சோதனை கேட்பது ஒன்றே ஒன்று: இந்த வித்தியாசங்களின் இடை பூச்சியத்திலிருந்து நம்பக்கூடிய அளவுக்கு விலகி நிற்கிறதா? அந்த நிரலுக்கு ஒரு வலையுருவரையம் (எந்த அளவு எத்தனை பேருக்கு வந்தது என்று காட்டுகிற தூண் படம்) கீறிப் பாருங்கோ. நடுவில் குவிந்து இரண்டு பக்கமும் சரிந்தால் ரி சோதனை. ஒரு பக்கம் மோசமாக இழுபட்டு நின்றால் சோடிகளுக்கான வில்கொக்சன் சோதனை, அது எண்களின் தரவரிசையை வைத்துச் செய்வது. இதற்குத் தொகையீடு தேவையில்லை.

இந்த ரி சோதனையைக் கொண்டுவந்தவர் டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த கொசெற். சின்ன மாதிரிகளை வைத்து எப்படி முடிவெடுப்பது என்பதுதான் அவருடைய தலையிடி. 1908இல் "மாணவன்" என்ற புனைபெயரில் கட்டுரையை வெளியிட்டார். பியர் காய்ச்சியவரின் கணக்கை வைத்துத்தான் நாங்கள் இன்று மருந்து கொடுக்கிறோம், கோயில்காரர்களுக்குச் சொல்லிவிடாதேங்கோ.

அடுத்தது கை வர்க்கச் சோதனை (chi-square, இரண்டு விஷயங்களுக்கு இடையில் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பது). உங்கள் ஆய்வில் இதற்கும் இடம் இருக்கும். உதாரணமாக, முன்பே யாரிடமாவது கால் பராமரிப்பு ஆலோசனை பெற்றவர்கள், பெறாதவர்கள் என்று பிரித்து, யார் தினமும் காலைப் பார்க்கிறார்கள் என்று ஒப்பிடலாம். இதை ஒருதரம் கையால் செய்யுங்கோ. நான் ஒரு கற்பனைக் கணக்குத் தருகிறேன். 100 பேர், அதில் ஆலோசனை பெற்றவர்கள் 60. அவர்களில் 36 பேர் தினமும் பார்க்கிறார்கள், 24 பேர் இல்லை. பெறாத 40 பேரில் 14 பேர் பார்க்கிறார்கள், 26 பேர் இல்லை. மொத்தத்தில் சரிபாதி, 50 பேர், பார்க்கிறார்கள். ஆலோசனைக்கும் பார்ப்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லையென்றால் 60இல் 30, 40இல் 20 என்று வந்திருக்க வேண்டும். வந்ததற்கும் வந்திருக்க வேண்டியதற்கும் இடையில் நாலு பெட்டியிலும் வித்தியாசம் 6. வர்க்கித்தால் 36. 36ஐ 30ஆல் வகுத்தால் 1.2, அது இரண்டு பெட்டி. 20ஆல் வகுத்தால் 1.8, அதுவும் இரண்டு பெட்டி. கூட்டினால் 6. 5 வீத மட்டத்தில் எல்லை 3.84, அதாவது தொடர்பே இல்லையென்றால் தற்செயலாக அதைத் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து தரம்தான். தாண்டிவிட்டது.

இதே எண்களை எஸ்.பி.எஸ்.எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளில் போட்டால் முதல் வரியில் 6.000 என்று நிற்கும், அதற்குக் கீழே தொடர்ச்சித் திருத்தம் என்று 5.042 நிற்கும், அதற்கும் கீழே இன்னும் சில. பிள்ளைகள் மிரளுவது இந்த இடத்தில்தான். முதல் வரி தங்கள் கையால் வந்த எண் என்று தெரிந்தால் மிச்சம் பயமில்லை. எதிர்பார்த்த எண் ஏதாவது பெட்டியில் 5க்குக் கீழே போனால் ஃபிஷரின் சோதனையைப் பாருங்கோ. பி பெறுமானம் (தொடர்பே இல்லையென்றாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வருவதற்கான நிகழ்தகவு) 0.000 என்று திரையில் வந்தால் அப்படியே எழுதாதேங்கோ, 0.001ஐ விடக் குறைவு என்று எழுதுங்கோ. பூச்சியம் என்று ஒரு பி கிடையாது.

எஸ்.பி.எஸ்.எஸ் இல்லையென்றால் களவாகத் தரவிறக்கி வைரஸ் வாங்க வேண்டாம். ஜமோவி இலவசம், பார்க்கவும் கிட்டத்தட்ட அதே மாதிரித்தான்.

வாட்டு டொக்டர்:

பழைய டெமோ அண்ணா சொன்னதில் பெரும்பகுதி சரி. கையால் செய்யச் சொன்னதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நைட் முடித்து வருகிற ஆளுக்கு அது மினக்கேடு. அந்த நேரத்தை நம்பிக்கை ஆயிடையை (உண்மையான இடை எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை இருக்கக்கூடும் என்ற வீச்சு) விளங்கிக்கொள்ளச் செலவழிக்கலாம். வித்தியாசங்களின் இடை 3, நியமவிலகல் 4, ஆட்கள் 52 என்று வைத்துக்கொள்வோம். 95 வீத ஆயிடை ஏறத்தாழ 1.9 இலிருந்து 4.1 வரை. 20 கேள்வியில் சராசரியாக இரண்டிலிருந்து நாலு கேள்வி கூடச் சரியாகச் சொல்கிறார்கள் என்று இதைக் கிளினிக்கில் யாருக்கும் விளக்கலாம். பி பெறுமானத்தை வைத்து அப்படி விளக்க முடியாது. கருதுகோள் உண்மையாக இருப்பதன் நிகழ்தகவை பி அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கமே 2016இல் அறிக்கை விட்டது. வாய்மொழிப் பரீட்சையில் இதைத்தான் தோண்டுவார்கள்.

அக்கா, இன்னும் மூன்று விஷயம். வராமல் விட்ட 8 பேரை மறைக்காதீர்கள். அவர்களுடைய முதல் தடவைப் புள்ளி மற்றவர்களுடையதை விடக் குறைவா என்று பார்த்து எழுதுங்கள். குறைவென்றால், தெரிந்தவர்கள்தான் திரும்பி வந்தார்கள் என்று ஒருவர் கேட்கலாம். ஒப்பீட்டுக் குழு இல்லாததால் புள்ளி கூடியது உங்கள் வகுப்பால்தான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அதே கேள்வியை இரண்டாம் தரம் கேட்டாலே சிலர் கூடப் பெறுவார்கள். மாதிரி அளவுக்கு யாராவது 384 என்று சொன்னால் கேட்காதீர்கள். 50 வீதம், 5 வீத வழு என்று வைத்து ஒரு வீதத்தை மதிப்பிடுகிற ஆய்வுக்கான எண் அது, எல்லா ஆய்வுக்கும் அதையே கொப்பியடிக்கிறார்கள். உங்களுடையது வேறு வகை.

படிப்பிக்க வருகிறவருக்கு எக்செல்லை அனுப்ப முதல் நோயாளர் பெயர், கிளினிக் இலக்கம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வெறும் 1, 2, 3 என்று போடுங்கள். உங்கள் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தில் தரவை யார் பார்க்கலாம் என்று இருக்கும், எடுத்து வாசியுங்கள். உதவி எடுப்பதை மேற்பார்வையாளருக்கும் ஒரு வரியில் தெரியப்படுத்திவிடுங்கள். நன்றியுரையில் அவர் பெயரைப் போடுவதற்கும் அதுதான் ஒழுங்கு.

பழைய டெமோ:

டொக்டர் தம்பி, ஒருதரம் மட்டும்தான் கையால் செய்யச் சொன்னேன், ஆயுசுக்கும் இல்லை. மிச்சத்துக்கு மறுப்பில்லை.

சங்குவேலி அக்கா:

எல்லோருக்கும் நன்றி. கொக்குவில் தம்பி சொன்ன வழியில் விசாரித்து, கோண்டாவிலில் ஒரு பிள்ளை கிடைத்திருக்கிறா. பந்தியை வட்சப்பில் அனுப்பினேன். "அக்கா, ரெண்டு தரமும் ஒரே ஆக்களோ?" என்று கேட்டுத்தான் பதில் வந்தது! ஞாயிறு ஒன்பது மணிக்கு, அவவின் வீட்டு விறாந்தையில். பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் எக்செல்லைக் கொடுத்தேன். ரி சோதனை என்றால் என்ன என்று அவ எனக்கு, மொனோஃபிலமென்ற் (பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற நைலோன் இழை) என்றால் என்ன என்று நான் அவவுக்கு.

கணக்கைக் கையாலும் செய்தேன், 6 வந்தது. பழைய டெமோ அண்ணாவுக்கு ஒரு புள்ளி.

இப்போது ஒரு சந்தேகம். வித்தியாசங்களுக்கு வரையம் கீறினோம். எல்லாம் வடிவாகக் குவிந்து நிற்க, ஒன்று மட்டும் வலது பக்கம் தூரத்தில் தனியாக நிற்கிறது. போய்ப் பார்த்தால் 31ஆம் ஆளுக்கு இரண்டாம் தடவைப் புள்ளி 23. கேள்வியே 20தானே! தட்டச்சு செய்தது என்னுடைய அக்காவின் மகன். அந்த வரியை அழித்துவிட்டு 51 பேர் என்று போடலாமா?

பழைய டெமோ:

அழிக்க வேண்டாம். கேள்விக்கொத்துத் தாள் உங்களிடம்தானே இருக்கிறது? 31ஆம் தாளை எடுத்துத் திரும்பக் கூட்டுங்கோ. அநேகமாக 13ஆக இருக்கும், ஆனால் ஊகித்துப் போட வேண்டாம். திருத்தியதை, பழைய எண், புதிய எண், திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. பெறாமகன் தட்டிய மற்ற 51 வரிகளையும் தாளோடு ஒருக்கா ஒப்பிடுங்கோ. 13 என்பது 18 ஆகியிருந்தால் வரையத்தில் தெரியாது.

சங்குவேலி அக்கா:

14. ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.