முன்விளக்கைப் போட்டதும் வெப்ப முள் ஏறுவது ஏன்?

கேள்வி (ஹட்டன்):
வணக்கம். என்னிடம் இருப்பது ஐந்து கியர் கொண்ட பழைய மெனுவல் கார். பகலில் கினிகத்தேனை ஏற்றத்தை இரண்டாம் கியரில் ஏறினாலும் வெப்ப முள் நடுவிலேயே நிற்கிறது. ஆனால் நானுஓயாப் பக்கம் பனிமூட்டத்தில் முன்விளக்கைப் போட்டவுடன் முக்கால் பங்குக்கு ஏறி, அணைத்ததும் இறங்கிவிடுகிறது. எரிபொருள் முள் அசைவதே இல்லை. கராஜில் தேர்மோஸ்டாட்டை மாற்றியும் பயனில்லை. இப்போது ரேடியேட்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். கொஞ்ச நாளாகக் கிளட்சும் இறுகிப்போயிருக்கிறது. நான் எதைப் பார்க்க வேண்டும்?

பதில் (தலவாக்கலை):
தம்பி, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தண்ணீர் மட்டத்தையும் ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் முதலில் பாருங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் ஆபத்து.

பதில் (நாவலப்பிட்டி):
ஐயா சொன்னதைப் பார்த்துவிடுங்கள். ஆனால் எஞ்சினின் சூடு விளக்கின் சுவிட்சோடு சேர்ந்து நொடியில் ஏறி இறங்காது. எனவே இது மின்கோளாறுதான். இரண்டு முட்களும் சேர்ந்து ஏறினால் மீற்றர் பலகையின் எர்த் வயரை (மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வயரை) சந்தேகிப்பேன். உங்களுக்கு வெப்ப முள் மட்டும் ஏறுகிறது. வெப்ப உணரி எஞ்சின் வழியாகவும், எரிபொருள் உணரி பொடி (காரின் உலோக உடல்) வழியாகவும் எர்த் ஆகின்றன. எஞ்சினைப் பொடியுடன் இணைக்கும் எர்த் பட்டி துருப்பிடித்திருந்தால், விளக்குகளின் மின்னோட்டம் எஞ்சினில் உள்ள அல்டர்னேற்றருக்கு (மின் உற்பத்திக் கருவிக்கு) திரும்பும்போது அங்கே வோல்ட் இழப்பு உண்டாகி, உணரிக்குக் கூடுதல் மின்னோட்டம் பாய்ந்து முள் பொய்யாக ஏறும். கிளட்ச் இறுகியதும் இதனாலேயே இருக்கலாம்: ஸ்டார்ட்டரின் 100 அம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் வேறு வழியின்றிக் கிளட்ச் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைச் சுட்டுவிடும். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, எஞ்சின் உலோகத்துக்கும் பொடிக்கும் இடையில் மல்ட்டிமீற்றரை வையுங்கள், 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா. 1.4 வோல்ட் காட்டியது. பட்டியின் போல்ட் அடியில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் புதிய பட்டி போட்டேன். நேற்று இரவு பனியில் ரம்பொடை வரை விளக்கோடு போய் வந்தும் முள் நடுவிலேயே நின்றது. கிளட்ச் கேபிளின் உள்ளுறை உருகியிருந்ததால் அதை மட்டும் மாற்றக் கொடுத்திருக்கிறேன்.