தோட்டப்பாளையம் வீடு (குழு): வேலூர் கையேடு விவகாரம்

விஜயா அத்தை: என் ஜிபேவில் யாரோ 99 ரூபாய் போட்டிருக்கிறார்கள். வங்காளப் பெயர் மாதிரி இருக்கிறது. யாருக்காவது தெரியுமா?

சேகர் மாமா: தொடாதே. ஏமாற்று வேலை

பெரியம்மா: ஐயோ, ஓடிபி எதுவும் சொன்னாயா விஜயா?

தினேஷ்: அத்தை, அது நம் பணம்! நேற்று ராத்திரி போட்ட போஸ்டருக்கு வந்த முதல் ஆள்.

சேகர் மாமா: என்ன போஸ்டர்

தினேஷ்: தீபாவளிக்கே சொன்னேன் மாமா, நீங்கள் சீட்டு ஆடிக்கொண்டிருந்தீர்கள். வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு பிடிஎஃப் கையேடு, வங்காளத்தில் ஒன்று, இந்தியில் ஒன்று. எழுதி முடித்துவிட்டு ஆள் தேடினால் யாரும் சீந்த மாட்டார்கள். அதனால் முதலில் விஷயத்தைச் சொல்லி முன்பதிவு கேட்பது, பத்துப் பேராவது பணம் கட்டினால் எழுத உட்காருவது. இல்லாவிட்டால் வந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், நமக்கும் நாலு மாத உழைப்பு மிச்சம்.

பெரியப்பா: எழுதாத புத்தகத்துக்குக் காசா

கவிதா: தறியில் ஏறாத புடவைக்கு ஆரணியில் நீங்கள் அட்வான்ஸ் வாங்குவதில்லையா பெரியப்பா?

பெரியப்பா: அது வேறு

சேகர் மாமா: இதையெல்லாம் நான் லாட்ஜ் கவுண்டரில் சும்மாவே சொல்கிறேனே

தினேஷ்: அதுதான் மாமா சரக்கே. நான் இணையத்தில் பார்த்து எழுதினால் அது ஊருக்கே தெரிந்த சமாச்சாரமாக இருக்கும். உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்தான் அத்தியாயங்கள். காட்பாடியில் இறங்கினால் ஆட்டோவுக்கு என்ன கொடுக்கலாம், அறையில் அடுப்பு வைத்துச் சமைக்க விடுவார்களா, கடுகெண்ணெய் எங்கே கிடைக்கும், வங்கதேசத்திலிருந்து வந்தால் லாட்ஜில் என்னென்ன காகிதம் கேட்பார்கள். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் அதைப் பதிய வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நீங்கள் பேசி அனுப்புங்கள், தட்டுவது என் வேலை.

கவிதா: முதல் பக்கத்தில் ராணிப்பேட்டையைப் போடு. சிஎம்சி மருத்துவமனை அங்கே 2022இல் புது வளாகம் திறந்தது, இன்னும் வேலூர் டவுனில் அறை எடுத்துவிட்டு ராணிப்பேட்டையில் எங்கள் தெருவில் வந்து காந்தி ரோடு எங்கே என்று கேட்கிறார்கள். கண் என்றால் ஆரணி ரோடு, மனநலம் என்றால் பாகாயம். அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டு அறை எடுக்கச் சொல்.

சேகர் மாமா: அப்படி எழுதினால் என் லாட்ஜுக்கு யார் வருவான்

ரவி மாமா: உன் லாட்ஜா? அப்பா கட்டியது

பெரியம்மா: காலையிலேயே ஆரம்பிக்காதீர்கள்

பெரியம்மா: ஞாயிறு வளைகாப்புக்குக் கத்தரிக்காய் யார் பொறுப்பு? இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்தான் வேண்டும்

விஜயா அத்தை: நேதாஜி மார்க்கெட்டில் சொல்லி வைத்திருக்கிறேன் அக்கா

பெரியப்பா: புவிசார் குறியீடு வந்ததிலிருந்து எல்லாக் காயும் இலவம்பாடிதான். முள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து வாங்கு

ரவி மாமா: பணம் ஏன் விஜயா நம்பருக்கு?

தினேஷ்: ஜிஎஸ்டிக்காக மாமா. சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு வேண்டும். ஆனால் கணக்குப் பார்ப்பது பான் எண்ணை வைத்து. சேகர் மாமா பெயரில் விற்றால் லாட்ஜ் வரவோடு சேர்ந்துவிடும். அத்தை பெயரில் தனி வியாபாரமாகவே நடத்திவிடலாம்.

ரவி மாமா: ம்

கவிதா: ஒருவர் வாங்கி ஊருக்கே ஃபார்வர்டு பண்ணுவார், அதற்கு என்ன?

தினேஷ்: வாங்கியவர் பெயர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வரும். முழுதாகத் தடுக்க முடியாது, கூச்சமாவது வரும். ஆட்டோ கட்டணம் மாறினால் திருத்திய பிரதியை ஒரு வருஷத்துக்கு இலவசமாக அனுப்பலாம். பழைய பிரதி ஊர் சுற்றினாலும் புதியது பணம் கட்டியவரிடம்தான்.

விஜயா அத்தை: எந்த டாக்டர் நல்ல டாக்டர் என்றெல்லாம் எழுதாதே தினேஷ். நோயாளி பாவம்

தினேஷ்: மாட்டேன் அத்தை. அப்பாயின்ட்மென்டுக்கு மருத்துவமனையின் சொந்தத் தளத்துக்கே அனுப்பிவிடுவோம்.

கவிதா: அவர்கள் சின்னத்தை அட்டையில் போட்டிருக்கிறாய், எடு. அவர்களே வெளியிட்ட மாதிரி இருக்கிறது

தினேஷ்: எடுத்துவிட்டேன்

பெரியப்பா: வங்காளம் யார் எழுதுவது? உனக்குத் தமிழிலேயே ழகரம் தகராறு

தினேஷ்: மொழிபெயர்ப்பை மெஷினில் போட்டுவிட்டு ஆள் வைத்துப் படிக்க வேண்டும். மாமா, மூன்றாம் மாடியில் தங்கியிருக்கிறாரே மேற்கு வங்காளத்து மால்டா வாத்தியார், கேட்டுப் பார்க்கலாமா?

சேகர் மாமா: அவருக்கே வாடகை பாக்கி

ரவி மாமா: பாக்கியில் கழித்துக்கொள். லாட்ஜ் கணக்கு அப்படித்தானே ஓடுகிறது

சேகர் மாமா: 🎤 குரல் செய்தி (4:12)

தினேஷ்: மாமா சூப்பர், ஆட்டோ அத்தியாயம் முடிந்தது! நடுவில் ரவி மாமாவைத் திட்டியதை எடுத்துவிடுகிறேன்

ரவி மாமா: எடுக்காதே, கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசலாம். கையேடும், லாட்ஜும்

பெரியம்மா: வளைகாப்பில் லாட்ஜ் பேச்சு வந்தால் நான் ஆரணியை விட்டே வரமாட்டேன். தினேஷ், பூ எத்தனை முழம் சொன்னாய்?