சுடச் சொன்னால் சுடுவது அறமா? வாசகர் வட்ட விவாதத்துக்கு விளக்கம் தேவை

பாமணியாறு (மன்னார்குடி):
வணக்கம். வரும் ஞாயிறு எங்கள் வாசகர் வட்டத்தில் பேச எடுத்திருக்கும் பொருள் ‘கடமைக்காகக் கொல்வது அறமாகுமா’ என்பது. ஒரு தரப்பு மனுநீதிச் சோழனையும் 550-ஆம் குறளையும் காட்டி ஆகும் என்கிறது. மறு தரப்பு கொல்லாமை அதிகாரத்தைக் காட்டுவதோடு நிறுத்திவிடுகிறது. மேடைக்கு இரண்டும் சரி. துப்பாக்கியோடு தெருவில் நிற்கும் காவலருக்கு இரண்டாலும் பயனில்லை. கூட்டத்தைக் கலைக்கச் சுடு என்று உத்தரவு வந்தால் சட்டம் அவரிடம் என்ன கேட்கிறது? கீழ்ப்படிந்தேன் என்று சொல்லிவிட்டால் பொறுப்பு தீருமா? சட்டப்படி சரியென்றால் அறப்படியும் சரிதானா? பிரிவும் நடைமுறையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரசலாற்றங்கரை வக்கீல்:
ஐயா, ‘என்கவுன்டர்’ அதிகாரம் என்று ஒரு பிரிவு எந்தச் சட்டத்திலும் கிடையாது. பலர் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

காவலர் கையால் ஓர் உயிர் போனால் அதைச் சட்டம் மூன்று வழிகளில்தான் பார்க்கும். முதலாவது தற்காப்பு. பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 34 முதல் 44 வரை. இது உங்களுக்கும் எனக்கும் இருக்கும் அதே உரிமைதான், சீருடைக்கென்று கூடுதலாக ஒன்றும் இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்று 37-ஆம் பிரிவு கட்டுப்போடுகிறது. இரண்டாவது கைது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 43(4): மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவரைக் கைது செய்யும் முயற்சியில் கொல்ல உரிமை இல்லை. அப்படியானால் கொலை வழக்கில் தேடப்படுபவரைச் சுடலாமா என்று கேட்பார்கள். அப்படிப் படிக்கக்கூடாது. இந்தப் பிரிவு ஒரு வாசலை அடைக்கிறது, இன்னொன்றைத் திறந்துவிடவில்லை. குற்றவாளி என்பதற்காகவே ஒருவரைக் கொல்வது காவலரின் கடமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் ஓம் பிரகாஷ் வழக்கில் சொல்லியிருக்கிறது.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்டது. அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 148-ஆம் பிரிவின்படி கூட்டத்தைக் கலைந்துபோகச் சொல்லி உத்தரவிடக் கூடியவர் நிர்வாக நடுவர் (நம் ஊரில் பெரும்பாலும் வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர்), காவல் நிலையப் பொறுப்பாளர், அவர் இல்லாதபோது எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத அதிகாரி. காவலர் தானாக முடிவெடுத்துக் கூட்டத்தின்மீது சுட முடியாது.

கீழ்ப்படிதலுக்கு நியாய சன்ஹிதாவின் 14-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 76. மேலதிகாரி உத்தரவின்பேரில், சட்டத்தின் கட்டளைக்கு இணங்க, கூட்டத்தின்மீது சுட்ட படைவீரர் குற்றம் செய்தவர் ஆகமாட்டார் என்று அதிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. ‘சட்டத்தின் கட்டளைக்கு இணங்க’ என்ற சொற்களை விட்டுவிட்டு இதை மேற்கோள் காட்டுபவர்கள் அதிகம். பிரகாஷ் கதம் வழக்கில், 2011-இல், போலி என்கவுன்டருக்கு மேலதிகாரி உத்தரவிட்டார் என்பது சாக்காகாது, அப்படிப்பட்ட உத்தரவை மறுப்பதே கீழுள்ளவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ராணுவச் சட்டம் 1950, பிரிவு 41-உம் சட்டபூர்வமான உத்தரவை மீறுவதைத்தான் குற்றம் என்கிறது.

நல்லெண்ணத்தோடு, பகையில்லாமல், அதிகார வரம்பை மீறிக் கொன்றுவிட்டவருக்கு நியாய சன்ஹிதா 101-ஆம் பிரிவின் மூன்றாம் விதிவிலக்கு பொருந்தும். கொலை என்பது, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று குறையும். விடுதலை கிடைக்காது.

கவாத்து மைதானம் (நாகை):
வக்கீல் சார் சட்டத்தைச் சொல்லிவிட்டார், களத்தைச் சொல்கிறேன். அந்தக் கொலை தவிர்க்க முடியாததா இல்லையா என்பது பெரும்பாலும் விசையை இழுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே முடிவாகிவிடுகிறது.

கூட்டம் போக வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டெல்டாவில் சாலைக்கு இருபுறமும் வாய்க்கால், ஊர் முடிவில் ஆறு. இரண்டு முனையையும் அடைத்துக்கொண்டு ‘கலைந்து போ’ என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் தடியடிக்குப் பயந்து தாமிரபரணியில் இறங்கியவர்களில் பலர் மூழ்கினார்கள். அன்று செத்தவர்கள் 17 பேர்.

அடுத்தது எச்சரிக்கை. ஒலிபெருக்கியில், தமிழில், ஒரு தடவைக்கு மேல், கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. முன்வரிசைக்கு மட்டும் கேட்டால் அவர்கள் திரும்பினாலும் பின்னால் இருப்பவர்கள் நெட்டித் தள்ளுவார்கள். அந்த நெரிசலைத் தாக்குதல் என்று தவறாக எண்ணித்தான் பல இடங்களில் சுட்டுவிடுகிறார்கள்.

கண்ணீர்ப்புகைக்குக் காற்றுத் திசை முக்கியம். கடலோர ஊர்களில் பிற்பகலில் காற்று மாறும், புகை நம் வரிசைக்கே திரும்பி வரும். கண் எரியும் காவலரால் நிதானமாக எதையும் பார்க்க முடியாது. புகைக்குண்டை ஆளை நோக்கி நேராகச் சுடக்கூடாது. தலையில் பட்டால் அதுவே உயிரை எடுத்துவிடும்.

சுட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் எத்தனை பேர், யார் யார், ஆளுக்கு எத்தனை ரவை என்று பெயர் சொல்லிக் கட்டளையிட வேண்டும். மற்றவர்கள் விசையில் விரல் வைக்கக்கூடாது. ஒருவர் சுட்டதும் பயத்தில் பக்கத்தில் நிற்பவரும் சுடுவது தொற்றிக்கொள்ளும். குறி தாழ்வாக, மிகவும் ஆபத்தாக முன்னேறும் பகுதியை நோக்கி இருக்க வேண்டும். தலைக்கு மேலே சுட்டு மிரட்டுவது இரக்கம் போலத் தோன்றும், ஆனால் .303 ரவை இரண்டு கிலோமீட்டருக்கும் அப்பால் போகும். நம் வயல்வெளியில் அதைத் தடுக்க ஒரு மேடுகூட இல்லை. களை பறித்துக்கொண்டிருப்பவர்மேல் பட்டால் அவர் என்ன செய்தார்?

காலில் சுட்டால் உயிர் போகாது என்பதும் தவறு. தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களே. 7.62 எம்.எம். ரவை முன்னால் இருப்பவரைத் துளைத்துப் பின்னால் இருப்பவரிடமும் போகும். கருங்கல் மதில் உள்ள சன்னதித் தெருவில் தெறித்துத் திரும்பவும் செய்யும். கூட்டம் முதுகைக் காட்டிய நொடியில் நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு விழும் ரவைக்குத் தற்காப்பும் கிடையாது, கலைப்பதும் கிடையாது.

வெட்டாறு:
குறளையும் மனுநீதியையும் பற்றி. 550-ஆம் குறள் கொடியவர்களை வேந்தன் ஒறுப்பதைப் பயிரில் களை எடுப்பதற்கு ஒப்பிடுகிறது. மேடையில் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் களை எடுப்பவருக்கு அது எவ்வளவு நிதானமான வேலை என்று தெரியும். நட்ட இருபது நாளில் குதிரைவாலிப் புல்லும் நெல்லும் ஒரே மாதிரி நிற்கும். இலையும் தண்டும் சேரும் இடத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நெல்லுக்கு அங்கே மெல்லிய வெள்ளைச் சவ்வும் காது போன்ற மடலும் உண்டு, புல்லுக்கு இரண்டும் இல்லை. குனிந்து, பிடித்து, பார்த்து, பிறகுதான் பறிப்பார்கள். குறளில் வரும் வேந்தனும் விசாரித்து ஒறுப்பவன்தான், செங்கோன்மை அதிகாரம் முழுக்க அதைத்தான் பேசுகிறது. அதைக் கொண்டுவந்து தெருவில் ஒரு நொடியில் நடக்கும் சுடுதலுக்கு முட்டுக்கொடுப்பது குறளுக்குச் செய்யும் அநியாயம்.

மனுநீதிச் சோழன் கதையில் எல்லோரும் அரசனைப் பார்க்கிறோம். பெரியபுராணத்தில் அரசன் முதலில் ஓர் அமைச்சரிடம்தான் மகன்மேல் தேரை ஓட்டச் சொல்கிறான். அந்த அமைச்சரால் கொல்லவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. தன் உயிரை விட்டுவிடுகிறார். பிறகுதான் அரசன் தானே ஓட்டுகிறான். திருவாரூர்க் கல்தேரைப் பார்க்கும் எத்தனை பேருக்கு அந்த அமைச்சர் நினைவு வருகிறார்? உங்கள் காவலர் நிற்பது அரசனின் இடத்தில் இல்லை, அவருடைய இடத்தில். அவருக்கு மறுக்கும் வழி இல்லாமல் போனதுதான் அந்தக் கதையின் கொடுமை.

அந்த வழியில் போனவர்கள் வரலாற்றில் உண்டு. 1930 ஏப்ரல் 23, பெஷாவர். நிராயுதபாணிக் கூட்டத்தைச் சுட மறுத்தார்கள் சந்திர சிங் கார்வாலியும் அவரோடு இருந்த கார்வால் படையினரும். ராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. ராஜாஜியின் உப்பு யாத்திரை நம் டெல்டாவில் நடந்துகொண்டிருந்த அதே நாட்கள் அவை. அதற்கு 11 ஆண்டு முன்பு ஜாலியன்வாலா பாக்கில் எச்சரிக்கையே இல்லாமல், பத்து நிமிடத்தில், 1650 ரவை. சுடாமலே கூட்டத்தைக் கலைத்திருக்க முடியும் என்று அதை விசாரித்த ஹன்டர் குழு முன்னால், சுட உத்தரவிட்ட ஜெனரல் டயரே ஒப்புக்கொண்டான். அவனும் கடமை என்றுதான் சொன்னான். அடிபட்டவர்களைக் கவனிப்பது மட்டும் தன் வேலை இல்லை என்றான்.

பாமணியாறு:
மிக்க நன்றி. இன்னொன்று. எல்லா முறையும் பின்பற்றி, வேறு வழியே இல்லாமல் சுட்டு, ஒருவர் செத்தும் போனார் என்றால்? அந்தக் காவலர்மேல் பழி ஏதும் மிஞ்சுமா?

அரசலாற்றங்கரை வக்கீல்:
குற்றம் மிஞ்சாது, கடன் மிஞ்சும் என்பது என் கருத்து. திருவிடைமருதூர் தலபுராணத்தில் வரகுண பாண்டியன் வேண்டுமென்று கொல்லவில்லை. குதிரையின் காலில் ஓர் அந்தணன் சிக்கி இறந்தான், அவ்வளவுதான். அப்படியும் பிரம்மகத்தி (அந்தணனைக் கொன்ற பழி) விடவில்லை, கிழக்கு வாசலில் காத்து நின்றது என்பது கதை. கிழக்கு வாசலில் நுழைந்தவர் அந்த வழியே திரும்பக்கூடாது என்ற வழக்கம் இன்றும் இருக்கிறது. நோக்கம் சுத்தமாக இருந்தாலும் ஓர் உயிர் போனதன் கணக்கு திறந்தே இருக்கும் என்பதை இந்த மண் என்றைக்கோ புரிந்துகொண்டிருக்கிறது.

அந்தக் கணக்கை எப்படி முடிப்பது என்பதற்குச் சட்டத்தில் வழி உண்டு. என்கவுன்டர் மரணங்களுக்கு 2014 செப்டம்பர் 23 அன்று பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிகள் வகுத்தது. எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையத்தின் குழு விசாரிக்க வேண்டும். காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி தர வேண்டும். பிரேதப் பரிசோதனையை இரண்டு மருத்துவர்கள் செய்து வீடியோ எடுக்க வேண்டும். சுட்ட ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும். சம்பவம் நடந்த கையோடு முறைமீறிய பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது. சுட்ட காவலரின் குடும்பத்துக்கும் தகவல் சொல்லி, தேவைப்பட்டால் வக்கீலும் ஆலோசனையும் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இந்த நெறியைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. நெறிகள் மீறப்பட்டதாக இறந்தவரின் குடும்பம் கருதினால் அந்தப் பகுதி செஷன்ஸ் நீதிபதியிடம் புகார் கொடுக்கலாம்.

கவாத்து மைதானம் (நாகை):
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுட்டு முடித்ததும் முதல் வேலை காலித் தோட்டா எண்ணுவது இல்லை. கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால் காயத்துக்கு நான்கு விரற்கடை மேலே இறுகக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி, 108-ஐ அழைப்பது. சுட்டவரே ஓடிப்போய்க் கட்டினாலும் தவறில்லை, தடுக்கக்கூடாது.